வீட்டுத் தோட்டமும் கோடை விடுமுறையும்

வீட்டைச் சார்ந்து தோட்டம் அமைத்தல் தமிழர்க்குப் புதிய செய்தி அன்று. வீட்டின் முன்புறத்தில் திண்ணையும் பின்புறத்தில் கொல்லையும் அமைந்திருத்தல் நம் ஊர்களில் நெடுநாள் வழக்கம். கொல்லையில் ஒரு முருங்கை நிற்கும். கிணற்றடியில் வாழை தழைக்கும். வேலியில் அவரையும் பாகலும் படரும். அடுப்பில் உலை வைத்தபின் கொல்லைக்குச் சென்று கீரை கிள்ளி வருதல் அன்றாட நிகழ்ச்சியாக இருந்தது. இன்று கொல்லைகள் குறுகிவிட்டன. பல வீடுகளில் மறைந்தும் போயின. எனினும், நமக்கென ஒரு தோட்டம் வேண்டும் என்னும் விருப்பம் மக்கள் உள்ளத்தினின்றும் மறையவில்லை. அவ்விருப்பம் வரவேற்கத் தக்கதே.

ஆனால், விருப்பத்தோடு தொடங்கப்பெறும் தோட்டங்களுள் பயன் தருவன எத்தனை? ஒரு நாள் ஊக்கம் பிறக்கின்றது. உடனே கடைக்குச் சென்று விதை வாங்குகின்றனர். கல்லும் காரையும் கலந்த கெட்டித் தரையை மேலாகக் கீறி, அதில் விதையைத் தூவுகின்றனர். நான்கு நாள் தண்ணீர் ஊற்றுகின்றனர். முளைப்பன சில, அவற்றுள் பிழைப்பன அவற்றினும் சில. திங்கள் ஒன்று கழியுமுன் அவ்விடம் பழையபடியே வெற்றிடமாகின்றது. “விதை கெட்டது” என்பார் ஒருவர். “இந்த மண்ணில் ஒன்றும் விளையாது” என்பார் மற்றொருவர். “எனக்குக் கைராசி இல்லை” என்று தம்மையே நொந்துகொள்வாரும் உளர். உண்மை யாது? பெரும்பாலும் விதையின்மேல் குற்றம் இல்லை. கையின்மேலும் குற்றம் இல்லை. விதையை ஏற்க மண் ஆயத்தமாகவில்லை. அவ்வளவே.

தோட்டம் பிறப்பது விதை ஊன்றும் நாளில் அன்று. அதற்கு மூன்று திங்கள் முன்னரே அது பிறந்துவிடுகின்றது. மண்ணைத் திருத்துதலே பெரும்பணி. விதைத்தல் அப்பணியின் முடிவு. அம்மூன்று திங்களின் முற்பகுதி, மாணவர்களாகிய உங்களுக்குக் கோடை விடுமுறையாக வாய்த்திருக்கின்றது. ஆதலின், வீட்டுத் தோட்டத்தைத் தொடங்குதற்கு வீட்டில் உள்ளார் அனைவரினும் மாணவரே தக்கவர் என்பது என் கருத்து. அக்கருத்துக்குரிய காரணங்களை இங்கு ஆராய்வோம்.

முதலில் காலத்தை நோக்குவோம். மேலைநாட்டுத் தோட்ட நூல்களைப் படிப்போர், இளவேனிலே விதைக்கும் காலம் என்று அவற்றில் காண்பர். அந்நாடுகளுக்கு அது பொருந்தும். அங்கே குளிர்காலத்தில் நிலம் உறைந்து கிடக்கும். பனி உருகி, மண் இளகி, வெயில் மெல்ல ஏறும் காலமே விதைக்கு உயிர் தரும் காலம். நம் நாட்டு இளவேனிலோ வேறு. சித்திரையும் வைகாசியும் நமக்கு இளவேனில் திங்கள்கள். வேம்பு பூத்து மாமரம் காய்க்கும் அப்பருவம் கண்ணுக்கு இனியது. ஆனால், சமவெளி நிலத்தில் வெயில் கடுமையாகும் பருவமும் அதுவே. கிணற்றில் நீர் இறங்கும், குளம் வற்றும். அந்நாளில் இளஞ்செடியை நட்டால், குடிக்க வேண்டிய நீரை அதற்கு ஊற்ற நேரும்.

நம் உழவர் இதனை நன்கு அறிவர். “ஆடிப் பட்டம் தேடி விதை” என்பது அவர்கள் கண்ட முடிவு. ஆடியில் கோடையின் கடுமை தணியும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும். பல ஊர்களில் மழையும் சிறிது பெய்யும். அப்பொழுது ஊன்றிய விதை, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வலுத்துப் பெய்யுமுன் வேரூன்றி நிலைத்துவிடும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அந்த வடகிழக்குப் பருவத்தில் கிடைப்பதே. அம்மழையை முழுதும் பயன்கொள்ளும் செடி, ஆடியில் விதைத்த செடியே ஆகும்.

நீர்வளம் குன்றாத கிணறு உடையவர் சித்திரையிலும் வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை முதலியவற்றை விளைவிப்பர். அதனை மறுப்பதற்கில்லை. ஆயினும், அவர்களும் மாசி பங்குனியிலேயே மண்ணைத் திருத்தி வைத்தவர்களாக இருத்தல் வேண்டும். முந்தித் திருத்துதல் என்னும் விதிக்கு எப்பட்டமும் விலக்கன்று. நீர் குறைந்த வீட்டாருக்கோ, இளவேனில் மண்ணுக்கு உரிய காலம். ஆடி விதைக்கு உரிய காலம்.

இனி, மண்ணைத் திருத்தும் முறையைக் காண்போம். தோட்டத்திற்கு நாள்தோறும் 6 மணி நேரமேனும் வெயில் படும் இடம் வேண்டும். காய்க்கும் செடிகள் நிழலில் தழைக்குமே அன்றிக் காய்க்கமாட்டா. பரந்த நிலம் தேவையில்லை. 10 அடி நீளமும் 10 அடி அகலமும் உள்ள ஓர் இடம், அஃதாவது 100 சதுர அடி, தொடக்கத்திற்குப் போதும். ஒரு செண்டு நிலத்தில் நான்கில் ஒரு பங்கினும் அது சிறிது குறைவானது. சிறிய தோட்டத்தைச் செவ்வையாகச் செய்தல், பெரிய தோட்டத்தைப் பாதியில் விடுதலினும் சிறந்தது.

அவ்விடத்திலுள்ள கல், கண்ணாடித்துண்டு, பிளாஸ்டிக் உறை ஆகியவற்றை அகற்றிவிட்டு, மண்வெட்டியால் ஓர் அடி ஆழம் கொத்திப் புரட்டுதல் வேண்டும். “அகல உழுவதினும் ஆழ உழுவது மேல்” என்னும் பழமொழி வயலுக்கு மட்டுமன்றித் தோட்டத்திற்கும் பொருந்தும். ஒரே நாளில் முழுவதையும் கொத்த முற்பட்டால் கை கொப்புளிக்கும், ஊக்கமும் குன்றும். காலையில் வெயில் ஏறுமுன் நாளொன்றுக்கு 5 சதுர அடி கொத்துக. 20 நாளில் 100 சதுர அடியும் முடிந்துவிடும். விடுமுறையில் பாதி நாள்களே இதற்குச் செல்லும். ஒரு நாளைக்கு அரைமணி நேரமே செல்லும்.

கொத்திய மண்கட்டிகளை உடனே உடைத்தல் வேண்டா. சில வாரம் வெயிலில் காயவிடுக. கோரை, அறுகு முதலிய களைகளின் கிழங்கும் வேரும் வெளிப்பட்டு உலரும். எஞ்சியவற்றைப் பொறுக்கி எறிதல் எளிதாகும். மண்ணுக்குள் ஒளிந்திருக்கும் புழுக்களும் கூட்டுப்புழுக்களும் வெயிலுக்கும் பறவைக்கும் இரையாகும். காய்ந்த மண் முதல் மழையில் நனையும்பொழுது, அதிலுள்ள நுண்ணுயிர்கள் விழித்துப் பெருகும். செடிக்கு வேண்டிய தழைச்சத்து அப்பொழுது மிகுதியாக வெளிப்படும். இவ்வுண்மையை இக்கால மண்ணியலார் ஆய்ந்து கூறுகின்றனர். ஒரு பலம் புழுதி கால் பலமாகுமாறு உழுது காயவிட்டால், ஒரு பிடி எருவும் இன்றிப் பயிர் விளையும் என்று, ‘உழவு’ அதிகாரத்தில் திருவள்ளுவர் கூறிய கருத்தும் ஈண்டு நினைக்கத் தக்கது.

எனினும், கட்டட இடிபாடும் மணலும் கலந்து சத்திழந்து கிடக்கும் நம் வீட்டு மண்ணுக்கு எருவும் வேண்டும். அவ்வெருவை விலை கொடுத்து வாங்க வேண்டுவதில்லை. நாள்தோறும் நாம் தெருவில் எறியும் காய்கறித் தோல், வாழைச் சருகு, தேயிலைச் சக்கை, உதிர்ந்த இலை ஆகியவையே எருவாகும். நீளம், அகலம், ஆழம் ஆகிய மூன்றும் 3 அடியாக ஒரு குழி எடுத்தல் வேண்டும். அதில் உலர்ந்த சருகு ஓர் அடுக்கும், பச்சைத் தழையும் சமையற்கழிவும் ஓர் அடுக்கும், சாணம் கரைத்த நீரும் சிறிது மண்ணும் அவற்றின்மேல் ஓர் அடுக்குமாக மாற்றி மாற்றி இடுக. பிழிந்த துணியின் ஈரமே குழியில் இருத்தல் வேண்டும். மிகுந்தால் நாறும், குறைந்தால் மட்காது. இரண்டு மூன்று வாரத்திற்கு ஒருமுறை கிளறிவிடுக. எண்ணெய்ப் பண்டமும் இறைச்சியும் இடுதல் கூடாது. அவை நாயையும் எலியையும் அழைக்கும்.

இம்முறைக்கு நம் நாட்டோடு தொடர்புடைய வரலாறு ஒன்று உண்டு. ஆல்பர்ட் ஹோவர்டு என்னும் ஆங்கில அறிஞர் 1924ஆம் ஆண்டு முதல் 1931ஆம் ஆண்டு வரை இந்தூர் நகரில் பயிராராய்ச்சி நிலையம் ஒன்றை நடத்தினார். இலைதழையையும் சாணத்தையும் அடுக்கி, காற்றும் ஈரமும் அளவாகச் சேர, ஏறத்தாழ மூன்று திங்களில் நல்ல உரமாக்கும் முறையை அவர் அங்கே வகுத்தார். ‘இந்தூர் முறை’ என்று உலகம் அதனை வழங்குகின்றது. கற்பிக்க வந்த அவ்வறிஞர், இந்நாட்டு உழவரையே தம் ஆசிரியராகக் கருதினார். நம் முன்னோரின் குப்பைக்குழி வழியாகப் பெற்ற அறிவை உலகம் போற்ற, நாம் மட்டும் குப்பையை வெறுங்குப்பையாகவே காண்பது முறையாகுமோ?

சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். சித்திரைத் தொடக்கத்தில் இட்ட குழி ஆனி முடிவில் உரமாகும். விதைப்புக்கும் அதற்கும் இடைவெளி இல்லாமல் காலம் பொருந்துகின்றது. குழியின் கொள்ளளவு 27 கன அடி. மட்கியபின் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கினாலும் 9 கன அடி உரம் கிடைக்கும். நம் 100 சதுர அடி இடத்தில், நடுவே 2 அடி நடைவழி விட்டு, இருபுறமும் 4 அடி அகலமும் 10 அடி நீளமும் உள்ள இரண்டு பாத்திகள் அமைக்கலாம். பாத்திகளின் பரப்பு 80 சதுர அடி. 9 கன அடி உரத்தை அதன்மேல் பரப்பினால் ஓர் அங்குலத்திற்கு மேல் நிற்கும். அதனை மண்ணோடு கலந்துவிட்டால் வேறு எருவைத் தேடி அலைய வேண்டா. பாத்தியின் அகலம் 4 அடிக்கு மிகாதிருத்தல் நன்று. அப்பொழுதுதான் இருபுறமும் நின்று கை எட்டும். பாத்திக்குள் கால் வைத்து மண்ணை மீண்டும் இறுக்க நேராது.

ஆனித் திங்களில் கத்தரி, மிளகாய், தக்காளி ஆகியவற்றின் விதையைச் சிறு நாற்றங்காலிலோ மண்சட்டியிலோ விதைத்து, பூவாளியால் நீர் தெளித்து வருக. நாற்று ஒரு சாண் உயரம் வளர்ந்ததும் பிடுங்கி மாலை வேளையில் நடுக. கத்தரிக்கு 2 அடி இடைவெளி வேண்டும். ஒரு பாத்தியில் 10 செடி நிற்கும். மற்றைப் பாத்தியின் ஒரு பாதியில் வெண்டை விதையை நேரே ஊன்றுக. மறுபாதியில் கீரை விதையை மணலோடு கலந்து தூவுக. விதையின் பருமனைப் போல் இரண்டு மூன்று மடங்கு ஆழமே விதைக்கு உரிய ஆழம். அதனினும் ஆழப் புதைத்த சிறுவிதை மேலே வர வலுவின்றி மடியும். வேலியோரத்தில் பாகல், பீர்க்கு, அவரை ஆகியவற்றை ஊன்றுக. பாத்தியின்மேல் நிழல் விழாத மூலையில் முருங்கைப் போத்து ஒன்றை நடுக. செடிகளின் அடியில் சருகை மூடாக்காகப் பரப்பினால், ஈரம் விரைந்து உலராது. இவ்வாறு செய்தால் ஏறத்தாழ 25 நாளில் கீரையும், 45 நாளில் வெண்டையும், நட்ட இரண்டு திங்களில் கத்தரியும் வீட்டுக்கு வரும்.

இவ்வளவு உழைப்புக்கும் பயன் ஒரு கைப்பிடிக் கீரையும் ஒரு கூடைக் காயுமா என்று சிலர் நகைப்பர். அவர்கள் ஓர் உண்மையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒருவர் நாளொன்றுக்குக் காயும் பழமுமாக 400 கிராமேனும் உண்ணுதல் வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகின்றது. நம் வீடுகளில் சோறு நிறைந்த தட்டில் காய் ஒரு கரண்டியளவே இருத்தலைக் காண்கின்றோம். இந்திய நாட்டில் 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், 15 முதல் 49 வரை அகவையுள்ள பெண்களுள் 57 விழுக்காட்டினர் இரத்தச்சோகை உடையவராகக் காணப்பட்டனர். நூற்றுவரில் ஐம்பத்தெழுவர்! அவர்கள் அயலார் அல்லர். நம் அன்னையரும் தமக்கையரும் தங்கையருமே. உயிர்ச்சத்து ஏ குறைவினால் உலகில் குழந்தைகள் பலர் கண்ணொளி இழக்கின்றனர். முருங்கைக்கீரையிலும் பிற கீரைகளிலும் அச்சத்தாக மாறும் பொருள் மிகுதியாக உண்டு, இரும்புச்சத்தும் உண்டு. கீரை ஒன்றே எல்லா நோய்க்கும் மருந்தாகாது. நோயுற்றவர் மருத்துவரிடமே செல்லுதல் வேண்டும். எனினும், கொல்லையில் கீரை தழைத்திருக்கும் வீட்டில், “இன்று காய் வாங்கப் பணம் இல்லை” என்று அன்னை தன் பங்கைக் குறைத்துக்கொள்ளும் நாள்கள் குறையும். அந்நாள்கள் குறைதல் சிறு பயன் ஆகுமோ?

இன்னும் சில தடைகளைச் சிலர் எழுப்புவர். “காய்கறி அங்காடியில் எளிதாகக் கிடைக்கின்றதே” என்பது ஒன்று. அங்காடி எந்நாளும் திறந்திருக்கும் என்பது உறுதியன்று. 2020ஆம் ஆண்டு மே திங்களில், தொற்றுநோய் பரவியதால், சென்னை மாநகருக்கே காய்கறி வழங்கும் கோயம்பேடு அங்காடி மூடப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானியர் பூங்காக்களையும் வெற்றிடங்களையும் தோண்டிக் காய்கறி பயிரிட்டனர். இலண்டன் கோட்டையின் அகழியும் காய்கறித் தோட்டமாயிற்று. இடர் வந்தபின் தோண்டத் தொடங்கினால், முதற்காய் வரும்வரை பசி காத்திராது. மண் முன்னரே திருந்தியிருத்தல் வேண்டும்.

“நகரில் நீர் ஏது?” என்பது மற்றொன்று. இது மெய்யான தடையே. 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்கு நீர் வழங்கும் ஏரிகள் வறண்டதை மறந்துவிட முடியாது. ஆனால், யான் கூறும் முறையில் கோடைக்குரிய பணி தோண்டுதலும் மட்கச் செய்தலுமே. அவற்றுக்கு நீர் மிகக் குறைவாகவே வேண்டும். செடிக்கு நீர் வேண்டும் காலத்தில் மழையும் துணை நிற்கும். அரிசியும் காயும் கழுவிய நீரே இரண்டு பாத்திகளின் தேவையில் ஒரு பகுதியை நிறைவு செய்யும். குளியலறை நீர்ப்போக்கில் வாழை ஒன்று வைத்தல் நம் பழைய வழக்கம்.

“எங்கட்கு நிலமே இல்லை” என்பார்க்கு மாடியும் பலகணியும் உண்டு. மண்தொட்டியிலும் பழைய வாளியிலும், அடியில் துளையிட்டு, மண்ணும் தென்னை நார்க்கழிவும் மட்கு உரமும் சம அளவாகக் கலந்து நிரப்பினால் கீரையும் மிளகாயும் நன்கு வளரும். குழிக்கு மாற்றாக மூடியுள்ள ஒரு மண்பானை போதும். அங்கும் விதி ஒன்றே: உரம் முதலில், விதை பின்பு.

இறுதியாக எழும் தடை பெற்றோர் சிலருடையது. “படிக்கும் பிள்ளை மண்வெட்டி எடுப்பதா?” என்று அவர்கள் வருந்துவர். இவ்வருத்தத்தின் அடியில், மண்வேலை கல்லாதார் வேலை என்னும் எண்ணம் மறைந்து கிடக்கின்றது. அவ்வெண்ணம் உழவரை இழிவு செய்வது. நாம் உண்ணும் ஒவ்வொரு பிடிச் சோற்றையும் இழிவு செய்வது. விதை முளைத்தலையும், வேர் நீர் உறிஞ்சுதலையும், நுண்ணுயிர் மட்கச் செய்தலையும் பாடநூலில் படித்த மாணவனே அவற்றைக் கண்ணாரக் காணத் தக்கவன். அரைமணி நேரம் மண் கொத்தியதால் தேர்வில் பின்தங்கியவர் எவரும் இலர். மண் கொத்திப் பார்த்தவர் மட்டும் ஒன்றை மறவார்: சந்தையில் ஒரு கட்டுக் கீரைக்காகப் பேரம் பேசும்பொழுது, அக்கட்டின் பின்னே வளைந்த முதுகு ஒன்று இருத்தல் அவர் நினைவுக்கு வரும்.

நாம் நாள்தோறும் பல செயல்களில் முடிவை விரும்புகின்றோம், தொடக்கத்தை வெறுக்கின்றோம். பூவும் காயும் எல்லார் கண்ணையும் கவரும். காய்ந்த மண்கட்டியையும் மட்கும் குழியையும் எவரும் வியந்து நோக்கமாட்டார். பாராட்டுவார் இல்லாத அந்நாள்களில் செய்யும் உழைப்பே ஆடியில் முளையாகவும் ஆவணியில் கீரையாகவும் புரட்டாசியில் காயாகவும் வெளிப்படுகின்றது.

மாணவர்களே! வரும் கோடை விடுமுறையில் உங்கள் வீட்டின் பக்கத்தில் வெயில் படும் சிறு நிலம் ஒன்றைத் தேடுங்கள். தாத்தாவிடமோ பாட்டியிடமோ அவ்வூர் மண்ணின் இயல்பைக் கேட்டறியுங்கள். விதைக்கடைக்குச் செல்லுமுன் மண்வெட்டியைக் கையில் எடுங்கள். பள்ளி மீண்டும் திறக்கும் நாளில் உங்கள் நிலத்தில் ஒரு பச்சிலையும் இராது. அதனால் தளர வேண்டா. திருந்திய மண்ணும் முதிர்ந்துவரும் உரமும் அங்கே ஆடியை எதிர்நோக்கிக் காத்திருக்கும். அந்த மண்ணில் ஊன்றும் விதை உங்களைக் கைவிடாது.